அரிதாரம் என்றாலே விஷம்தான்: சங்கரதாஸ் சுவாமிகள் வேஷம் கட்டுவதை ஏன் விட்டார்?

2019-ல் நடிகர் சங்கத் தேர்தல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கம் பாண்டவர் அணி, இன்னொரு பக்கம் சுவாமி சங்கரதாஸ் அணி. அந்தப் பெயருக்குரிய மனிதர் ஒரு சினிமாவில்கூட நடித்ததில்லை. தமிழில் பேசும் படம் வருவதற்கு 9 வருடம் முன்பே, 1922-ல், இறந்துவிட்டார்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள்... இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டை பக்கத்துத் திருவிழா மேடைகளில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு அடித்தளம் அவர் எழுத்துதான். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் இந்த ஆசிரியர் முதலில் மேடைக்கு வந்தது நடிகராகத்தான். நடிப்பை விட்டதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஒரு மேக்கப். சரியாகச் சொன்னால், கழுவாத மேக்கப்.

அந்தக் கதைக்குள் போவதற்கு முன், விருத்தாசலத்துக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். அவருக்கும் அந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் தேட வேண்டாம். அந்தக் காலத்து நடிகரின் முகத்தில் என்ன இருந்தது என்று புரிந்துகொள்ள அந்த ஊர் உதவும், அவ்வளவுதான்.

விருத்தாசலத்துப் பொடிகள்

கடலூர் மாவட்டத்தில் இருக்கும் விருத்தாசலத்துக்கு இரண்டு அடையாளம். ஒன்று, மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் பழமலைநாதர் கோயில். இன்னொன்று பீங்கான். செராமிக் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனம், வீட்டு மெயின் போர்டில் மாட்டுகிற ஃபியூஸ் கேரியர், கொலுப் பொம்மை, அகல் விளக்கு எல்லாம் அங்கே உண்டு. கொஞ்ச தூரத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது.

பீங்கான் தொழிலுக்கு வேண்டிய பொடிகளை வரிசையாகச் சொன்னால் ஒரு விஷயம் உறைக்கும். வெள்ளைக் களிமண், டால்க், ஜிங்க் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு. இவை நான்கும் மேக்கப் பெட்டியிலும் இருக்கின்றன. முகப்பவுடர், காம்பாக்ட், ஃபவுண்டேஷன் எதை எடுத்தாலும் இந்த நாலில் ஒன்றாவது உள்ளே இருக்கும். களிமண்ணும் முகப்பூச்சும் அந்த அளவுக்கு நெருங்கிய சொந்தம்.

சொந்தத்தில் மோசமான ஆளும் ஒருவர் உண்டு: ஈயம். பானைக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் பூச்சில் உலகம் முழுக்கப் பல நூற்றாண்டுகள் ஈயம் கலந்தார்கள். முகத்தை வெளுப்பாகக் காட்டும் பூச்சிலும் அதே ஈயத்தைத்தான் கலந்தார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பானை சூளைக்குள் போகிறது. அந்தச் சூட்டில் பூச்சு உருகிக் கண்ணாடியாகிவிடும். ஈயமும் பெரும்பகுதி அந்தக் கண்ணாடிக்குள் சிக்கிக்கொள்ளும். சரியாகச் சுடாத பாத்திரத்தில் புளியோ ஊறுகாயோ வைத்தால் அது வெளியே கசியும் என்பது வேறு கதை. முகத்தில் பூசிய பொடியை எதுவும் பூட்டி வைப்பதில்லை. வியர்வையில் கரைகிறது, உதட்டில் ஒட்டுகிறது, விரல் வழியாக வெற்றிலையோடு வாய்க்குள் போகிறது, தட்டும்போது மூக்கில் ஏறுகிறது.

விருத்தாசலம் சுற்றுவட்டாரம் தெருக்கூத்து பூமியும்கூட. பங்குனி, சித்திரை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். கூத்துக்காரர்களுக்குத் தனியாக மேக்கப்மேன் கிடையாது. ஆளுக்கொரு சின்னக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்ணப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வார்கள். சங்கரதாஸ் மேடைக்கு வந்த காலத்தில் நடிகர்களுக்கு வாய்த்ததும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

உப்புக் கணக்கை விட்டு வந்தவர்

1867 செப்டம்பர் 7. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டி. அங்கே பிறந்தவருக்கு வைத்த பெயர் சங்கரன். அப்பா தாமோதரன் தமிழ் படித்தவர். ராமாயணத்தில் அவருக்கு இருந்த பிடிப்பைப் பார்த்து ஊரார் ராமாயணப் புலவர் என்றே அழைத்தார்களாம். மகனுக்கு முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் போய் யாப்பும் இலக்கணமும் கற்றார். வெண்பா, கலித்துறை எல்லாம் இளம் வயதிலேயே கைவந்துவிட்டன.

ஆனால் பாட்டு சோறு போடாதே. தூத்துக்குடியில் ஒரு உப்பு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். நிலையான சம்பளம், மரியாதையான நாற்காலி. இன்றைய கணக்கில் சொன்னால், அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டில் நல்ல வேலை. 24 வயதில் அதை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். வருடம் 1891. நாடகக்காரனுக்கு வாடகைக்கு வீடுகூடக் கொடுக்கத் தயங்கிய காலம் அது. அந்த நேரத்தில் இப்படி ஒரு முடிவு எடுக்க என்ன தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அது படித்தவர்கள், வக்கீல்கள் பொழுதுபோக்காக நடித்த சபை. சங்கரதாஸ் போனது அந்தப் பக்கம் இல்லை. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, டிக்கெட் விற்று, அந்தக் காசில் சாப்பிட்ட தொழில்முறைக் கம்பெனிகளுக்குப் போனார்.

இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன். இவைதான் அவருக்கு அமைந்த வேஷங்கள். கம்பீரமான உடம்பு, கணீர்க் குரல். பயமுறுத்தும் பாத்திரம் எது வந்தாலும் அவர் பெயரைத்தான் எழுதினார்கள். இந்த வேஷங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு விஷயம், மற்ற வேஷங்களைவிடப் பூச்சு அதிகம். தீப்பந்தம், மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு வந்த காஸ் விளக்கு, இவற்றின் மஞ்சள் வெளிச்சத்தில் கடைசி வரிசைக்காரருக்கும் புருவம் தெரிய வேண்டும் என்றால் வண்ணம் கெட்டியாக இருந்தே ஆக வேண்டும். நாடகம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி விடியும்போது முடியும். அவ்வளவு நேரமும் முகத்தில் அது ஊறிக்கொண்டே இருக்கும்.

அந்த விடியற்காலை

ஒரு நாள் நளதமயந்தி நாடகம். நளனைப் பிடிக்கும் சனீஸ்வரனாக சங்கரதாஸ். நாடகம் முடிந்தது. இருட்டு இன்னும் முழுசாக விலகவில்லை. வேஷத்தைக் கலைத்து முகம் கழுவ நீர்நிலைக்குப் போனார். கறுத்த முகம், எழுதிய கண், கோரைப்பல். எதிரே வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, தனியாக வந்தவள், அந்த உருவத்தைப் பார்த்தாள். அலறி விழுந்தாள். உயிர் போய்விட்டது என்பதுதான் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. இன்னொரு வடிவமும் உண்டு. அதில் அவர் எமன், சாவித்திரி நாடகம், பார்வையாளர்களில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்துவிடுகிறது.

இரண்டு வடிவத்துக்கும் முடிவு ஒன்றுதான். அவர் நடிப்பதை நிறுத்திவிட்டார்.

இந்தக் கதையை நாடக உலகம் இரண்டு விதமாகச் சொல்லும். அவர் நடிப்பின் வலிமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். இல்லையென்றால், அவர் மனசு எவ்வளவு இளகியது என்று சொல்வார்கள். இரண்டும் இருக்கட்டும். இதில் வெளிப்படையாகத் தெரிகிற ஒன்றை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கொட்டகையில் முகம் கழுவத் தண்ணீர் இல்லை. எட்டு மணி நேரம் பூச்சோடு ஆடிய மனிதர், அதைத் துடைக்கவே இருட்டில் நடந்து போக வேண்டியிருந்தது. மேக்கப்பை எப்போது, எங்கே, எப்படிக் கலைப்பது என்பது யாருடைய பொறுப்பாகவும் இல்லை. அதை விதி என்று எடுத்துக்கொண்டார்கள். ஏற்பாட்டில் இருந்த குறை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெயரிலேயே இருக்கிறது ஆபத்து

சரி, அந்தக் கால நடிகரின் பூச்சில் என்னதான் இருந்தது? அதற்குத் தமிழே ஒரு துப்புக் கொடுக்கிறது.

நடிகர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அரிதாரம் பூசினார், அரிதாரம் கலைத்தார் என்று எழுதுகிறோம் இல்லையா? அரிதாரம் என்பது மேக்கப்புக்கான பொதுச்சொல் இல்லை. அது ஒரு கல்லின் பெயர். ஹரிதாலம் என்ற வடசொல்லில் இருந்து வந்தது. சித்த மருத்துவத்தில் தாளகம் என்றும் சொல்வார்கள். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த, தங்கம் மாதிரி மினுங்கும் மஞ்சள் கனிமம். சித்தர்கள் இதைப் பாடாணங்கள், அதாவது விஷக் கனிமங்கள், பட்டியலில்தான் வைத்தார்கள். மேடையில் முகத்துக்குப் பொன்னிறம் தர அதை அரைத்துப் பூசினார்கள். காலப்போக்கில் எந்தப் பூச்சுக்கும் அதுவே பெயராகிவிட்டது. கேரளத்துக் கதகளியிலும் இதே கல் உண்டு. அங்கே அதன் பெயர் மனயோல. அதோடு நீலம் சேர்த்தால் கதகளிக்கே உரிய அந்தப் பச்சை முகம் கிடைக்கும்.

கல்லாக இருக்கும்போது அரிதாரம் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால்தான் பூசியவர்கள் அன்றைக்கே விழுந்துவிடவில்லை. ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டு நாளாக ஆக, அதன் ஒரு பகுதி வெள்ளைப் பாடாணமாக மாறும். அது கரையும், உடம்புக்குள் போகும். ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் தோலில் கரும்புள்ளிகள் வரும், உள்ளங்கை தடிக்கும், நரம்பு மரத்துப்போகும். பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம்.

சிவப்புக்கு சாதிலிங்கம். அது பாதரசமும் கந்தகமும். இன்னொரு சிவப்பு, ஈயத்தைச் சுட்டு எடுக்கிற ஈயச் செந்தூரம். வெள்ளைக்கு ஈய வெள்ளை அல்லது ஜிங்க் ஆக்சைடு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நஞ்சு, இன்னொன்று இன்றைக்குக் குழந்தைகளின் டயபர் க்ரீமில்கூட இருக்கிற சாதுவான பொடி. கருப்புக்கு விளக்குக் கரி. அந்த வரிசையில் பெரிய தொந்தரவு இல்லாதது அதுதான்.

ஈயம் தோல் வழியாக உள்ளே போவது குறைவு. ஆபத்து வாயும் மூக்கும்தான். பாடிக்கொண்டே ஆடும் நடிகர் உதட்டை நக்காமல் இருக்க முடியாது. இடைவேளையில் டீ, வெற்றிலை, பீடி. போகிற ஈயம் எலும்பில் போய்த் தங்கிக்கொள்ளும். வயிற்றில் தாங்க முடியாத வலி, ரத்தசோகை, கை மணிக்கட்டு துவண்டு தொங்குவது, நடுக்கம் எல்லாம் அதன் அடையாளங்கள். கர்ப்பிணி உடம்பில் இருந்தால் குழந்தைக்கும் போகும், கரு கலையவும் வைக்கும்.

பெர்லினில் ஒரு பாடகர், டோக்கியோவில் ஒரு நடிகர்

நம்ம ஊர் நடிகர்கள் மட்டும் ஏமாந்தவர்கள் இல்லை. ஐரோப்பாவிலும் ஈய வெள்ளைதான் மேடை முகம். சங்கரதாஸ் 6 வயதுச் சிறுவனாக இருந்த 1873-ல், ஜெர்மனியில் லுட்விக் லைக்னர் என்ற ஆப்ரா பாடகர் பெர்லினில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பாட்டோடு வேதியியலும் படித்தவர் அவர். ஈயம் இல்லாத, கொழுப்பில் குழைத்த குச்சி வடிவ மேக்கப்பைத் தயாரித்தார். நிறத்துக்கு ஒரு எண். கிரீஸ் பெயின்ட் என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. மேடையில் நிற்பவனே தன் முகத்தில் என்ன பூசுகிறோம் என்று கேட்டுப் பதிலும் கண்டுபிடித்த அபூர்வமான சம்பவம் அது.

ஜப்பானில் விஷயம் வெளியே வந்த விதம் இன்னும் நாடகத்தனமானது. 1887-ல் மெய்ஜி பேரரசர் முன்னிலையில் கபுகி நாடகம். மேடையில் நகமுரா ஃபுகுசுகே என்ற இளம் நட்சத்திரம்; பெண் வேஷத்துக்குப் பேர் போனவர், சங்கரதாஸை விட ஒரு வயதுதான் மூத்தவர். நடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கால் நடுங்கியது, நிற்கவே இல்லை. பின்னர் அது நாள்பட்ட ஈய நஞ்சு என்று தெரிந்தது. காரணம், சின்ன வயதில் இருந்து முகத்திலும் கழுத்திலும் பூசிய வெள்ளை. பேரரசர் பார்க்க நடந்ததால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஈயம் இல்லாத வெள்ளைக்கு ஆராய்ச்சி தொடங்கியது. ஆனாலும் ஈய வெள்ளையைச் சட்டம் போட்டுத் தடுக்க 1930-கள் வரை ஆனது.

இடையில் 1920-களில் கியோட்டோ மருத்துவர்கள் ஒரு புதிரை அவிழ்த்தார்கள். மூளைக்காய்ச்சல் மாதிரி ஏதோ ஒன்று வந்து கைக்குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. காரணம், தாய்மார்கள் பூசிய பவுடரில் இருந்த ஈயம். மார்பில் வாய் வைத்த குழந்தையின் உடம்புக்குள் அது போயிருக்கிறது.

இப்போது அந்த விடியற்காலைக் கதையை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். தாயையும் சேயையும் மேக்கப் கொன்றது என்ற பயம் நம் நாடக நினைவில் ஒரு பேய்க்கதை மாதிரி தங்கிவிட்டது. பேய் இல்லாமலேயே அது நிஜமாக நடக்கக்கூடியதுதான் என்று கியோட்டோவில் காட்டியபோது சங்கரதாஸ் உயிரோடு இல்லை.

துறவியாகப் போனவர் ஆசிரியராகத் திரும்பினார்

நடிப்பை விட்ட பிறகு அவர் பாதை கொஞ்சம் வளைந்தது. சில காலம் சாமி நாயுடு நாடக சபையில் ஆசிரியராக இருந்தார். பிறகு அதுவும் வேண்டாம் என்று கோயில் கோயிலாகத் தீர்த்த யாத்திரை கிளம்பிவிட்டார். காவி உடுத்தினார். சுவாமிகள் என்ற அடைமொழி அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

அவரை மறுபடி இழுத்துக்கொண்டு வந்ததில் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்குப் பெரிய பங்கு. கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்திய மேதை. சங்கரதாஸைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார். தாள நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். சுவாமிகளின் பாடல்களில் சந்தம் அப்படித் துள்ளுகிறதே, அதற்கு இந்தப் புதுக்கோட்டைப் பாடம் ஒரு காரணம்.

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். எஸ்.ஜி. கிட்டப்பா, மாரியப்ப சுவாமிகள் போன்ற பெரிய பாட்டுக்காரர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள். ஆனால் பெரிய நடிகர்களை வைத்துக் கம்பெனி நடத்துவது லேசான வேலையா? வசனத்தை இஷ்டத்துக்கு மாற்றுவார்கள், ஒருவரை ஒருவர் மேடையிலேயே மடக்குவார்கள், திடீரென்று வர மாட்டார்கள். அலுத்துப்போன சுவாமிகள் குழந்தைகள் பக்கம் திரும்பினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது.

பையன்கள் கம்பெனி, பையன்களின் முகம்

பாய்ஸ் கம்பெனி என்றால் சிறுவர்களே எல்லா வேஷமும் போடுவார்கள். ராஜா, ராணி, தோழி, எமன், எல்லாம் பையன்கள். கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, பாடம். அதிகாலையில் சாதகம், பகலில் ஒத்திகை, ராத்திரி நாடகம். டி.கே.எஸ். சகோதரர்கள் இதில்தான் வந்து சேர்ந்தார்கள். டி.கே. சண்முகத்துக்கு அப்போது 6 வயது. அந்தச் சின்னப் பையன் நடிப்பதற்காக அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இந்த சண்முகம்தான் பிற்பாடு அவ்வையார் வேஷத்தில் புகழ் பெற்று அவ்வை சண்முகம் ஆனவர். 1996-ல் வந்த கமல்ஹாசனின் அவ்வை சண்முகி படத் தலைப்பு அவருக்கான மரியாதை. பாய்ஸ் கம்பெனி பாணி அப்படியே பரவியது. எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவரும் வேறு வேறு பாய்ஸ் கம்பெனிகளில் முகத்தில் வண்ணம் பூசத் தொடங்கியவர்கள்தான்.

சுவாமிகள் பையன்களுக்கு என்ன கொடுத்தார் என்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்: உச்சரிப்பு, பாட்டு, ஒழுக்கம். எழுதாமல் விட்ட பக்கமும் ஒன்று உண்டு. ஒரு வயது வந்தவர் உடம்பு தாங்குகிற ஈயத்தை 6 வயதுப் பையன் உடம்பு தாங்காது. குழந்தை தன் வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்கிற நேரம் அது. ஃபுகுசுகேக்கு நடந்தது இளம் வயதுப் பூச்சின் விளைவுதான். பால சபைப் பையன்கள் வாரத்தில் பல ராத்திரி பூச்சோடு நின்றவர்கள், களைத்துப்போய் அப்படியே தூங்கியும் இருப்பார்கள். அந்தக் காலத்து எந்தக் கம்பெனியும் பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்கத் தெரியவும் இல்லை. சுவாமிகளை மட்டும் இதில் குற்றவாளி ஆக்குவது நியாயமே கிடையாது. ஆனால் அவர் காலத்துக் கலையை மெச்சும்போது அந்தப் பையன்களின் முகத்தையும் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும்.

சினிமா வந்த பிறகு ஆபத்து போய்விட்டதா? பொடிதான் மாறியது. 1938-ல் ஹாலிவுட்டில் தி விஸார்ட் ஆஃப் ஓஸ் படப்பிடிப்பு. தகர மனிதனாக நடிக்க வந்த பட்டி எப்சனுக்கு அலுமினியப் பொடியைத் தூவினார்கள். அது நுரையீரலுக்குள் போய், மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. அவருக்குப் பதில் வந்தவருக்குப் பொடியைக் குழம்பாகக் கரைத்துப் பூசினார்கள். செய்த மாற்றம் அவ்வளவுதான். அதே படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் தீக்காயம் பட்டபோது, அவர் முகத்தில் இருந்த பச்சைப் பூச்சில் செம்பு இருந்ததால், வெந்த தோலின் மேலேயே ஆல்கஹால் வைத்துத் துடைக்க வேண்டியிருந்தது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2020-ல் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, நிறத்துக்காக ஈயச் சேர்மமோ ஆர்சனிக் சேர்மமோ கலந்த அழகுசாதனப் பொருளைத் தயாரிக்கக் கூடாது. நிறமிகளில் தவிர்க்க முடியாமல் ஒட்டிக்கொண்டு வருவதற்கு மட்டும் வரம்பு உண்டு: ஆர்சனிக் 2 பிபிஎம், ஈயம் 20 பிபிஎம். அதாவது 10 லட்சத்தில் 2 பங்கு, 20 பங்கு. பாதரசத்துக்கும் தனி வரம்பு இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் அழகுசாதனப் பொருள் என்று லேபிள் ஒட்டி விற்கிற டப்பாவுக்குத்தான். நாட்டு மருந்துக் கடையிலோ பெயின்ட் கடையிலோ பொட்டலமாக வாங்குகிற வண்ணப் பொடிக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே விற்பவர் அதை முகத்துக்கு என்று விற்கவில்லையே. காசு குறைவு என்பதால் அந்தப் பொட்டலத்தை நம்பியிருக்கிற ஒரு கூத்துக் கலைஞர்தான் எந்த வரம்புக்குள்ளும் வராமல் நிற்கிறார். ஆபீஸ் கலைவிழாவுக்கு ஆன்லைனில் மலிவாக ஃபேஸ் பெயின்ட் வாங்கும் ஐடி ஊழியருக்கும் இதே சிக்கல் வரலாம். தயாரிப்பு உரிமம் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல், இந்த நாலும் இல்லாத டப்பா முகத்துக்கு ஆகாது. பிடித்த நிறம் கிடைக்கிறதே என்று போஸ்டர் கலர், அக்ரிலிக் பெயின்ட் பூசுவதும் அப்படியே. தாளுக்குச் செய்தது தாளுக்கு.

புதுப் பூச்சு என்றால் முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடலாம். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிட வேண்டியதுதான். கண் மை பென்சிலும் உதட்டுப் பிரஷும் ஆளுக்கு ஒன்று. இதில் நட்பு பார்த்தால் மறுநாள் மொத்தக் குழுவுக்கும் கண் சிவக்கும். பொடியைத் தட்டும்போது வாய் மூடி, கொஞ்சம் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். பீங்கான் பட்டறையில் தூசிக்கு மாஸ்க் போடச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். தாடி, மீசை ஒட்டுகிற ஸ்பிரிட் கம் சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கு, சிகரெட் பக்கத்தில் அதைத் திறக்கவே கூடாது. பிடுங்காமல், அதற்கான திரவத்தைத் தொட்டு மெதுவாகக் கழற்ற வேண்டும். கலைப்பதற்குத் தேங்காய் எண்ணெய் போதும், அதற்குப் பிறகு சோப்பு. மண்ணெண்ணெய், தின்னர் வேண்டவே வேண்டாம். கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. எவ்வளவு களைப்பானாலும் பூச்சோடு தூங்கப் போகக் கூடாது. நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவர்கள் மைக் செட், லைட் என்று போடுகிற பட்டியலில் ஒரு டிரம் தண்ணீரையும் மறைவான ஒரு இடத்தையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

கருவடிக்குப்பம்

மறுபடியும் சுவாமிகளிடம் போகலாம். 1921-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. இதைப் பழைய அரிதாரத்தோடு முடிச்சுப் போட்டுக் கதை கட்டக் கூடாது. வேஷம் கட்டுவதை அவர் விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. பக்கவாதத்துக்கு வேறு ஆயிரம் காரணம் உண்டு. சாதாரணமாக உட்கார்ந்து பேசும்போதே வெண்பா சொன்ன மனிதர் வாயைத் திறக்க முடியாமல் இருந்தார் என்பதுதான் அதில் இருக்கும் கொடுமை.

அந்த நிலையிலும் அவர் கம்பெனியை விட்டுப் போகவில்லை. பையன்கள் ஊர் ஊராகப் போனார்கள், அவரும் கூடவே போனார். 1922-ல் கம்பெனி புதுச்சேரியில் இருந்தது. நவம்பர் 13-ம் தேதி அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 55. திருமணம் செய்துகொள்ளவில்லை, சொந்தம் என்று இருந்தது அந்தப் பையன்கள்தான்.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. மதுரை தமுக்கம் மைதானத்தில் சிலை இருக்கிறது. நினைவு நாளன்று நாடகக் கலைஞர்கள் மாலையோடு வருவார்கள். அவர் பாட்டையே பாடி வணங்கிவிட்டு, அடுத்த ஊர் நாடகத்துக்கு மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.